இவ்வளவு பெரிய போர்க்கப்பலில் 8 ஏவுகணைதானா? ஊத்தங்கரை மாணவருக்கு ஒரு விரிவான பதில்

ஊத்தங்கரையில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கடற்படையில் சேர விரும்புகிறார். ஐஎன்எஸ் நீலகிரியைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். 149 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 6,670 டன் எடையும் உள்ள கப்பலில் பிரமோஸ் ஏவுகணைகள் 8 மட்டும்தானா? நீலகிரி பிரிகேட் என்ற வகைக் கப்பலாம், பிரிகேட்டுக்கும் நாசகாரிக் கப்பலுக்கும் (டெஸ்ட்ராயர்) என்ன வேறுபாடு? ஓர் ஏவுகணை பட்டாலே கப்பல் மூழ்கிவிடும் என்று அம்மா பயப்படுகிறாரே, அது உண்மையா?

மூன்றும் நல்ல கேள்விகள். நான் கடற்படையில் எஞ்சின் பிரிவில் மாலுமியாகச் சேர்ந்து, கேஸ் டர்பைன் பிரிகேட்களில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பைக் கவனித்து வருகிறேன். எஞ்சின் என் கை பழகிய இடம். மற்றதெல்லாம் அந்தக் கப்பல்களுக்குள் வாழ்ந்து தெரிந்துகொண்டது. சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை.

தம்பி, அந்தச் செய்தியில் பிரமோஸுக்கு அடுத்த வரியையும் படியுங்கள். நீலகிரியில் வானிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் பராக்-8 ஏவுகணைகள் 32 இருக்கின்றன. அவற்றோடு 76 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, ஆறு குழல் கொண்ட ஏகே-630 துப்பாக்கிகள் இரண்டு, நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்க டார்பிடோக்களும் (நீருக்கு அடியில் பாய்ந்து சென்று வெடிப்பவை) ராக்கெட்டுகளும், பின்தளத்தில் ஹெலிகாப்டர். அடிப்பதற்கு 8, தடுப்பதற்கு 32. இந்தக் கணக்கே பிரிகேட்டின் வேலையைச் சொல்லிவிடுகிறது. எண்ணெய்க் கப்பலுக்கோ விமானந்தாங்கிக் கப்பலுக்கோ துணையாகச் சென்று, நீருக்கு அடியிலிருந்தும் வானிலிருந்தும் வரும் ஆபத்தைத் தன் மேல் ஏற்றுக்கொள்வதற்காகவே அது கட்டப்படுகிறது. எதிரிக் கப்பலை மூழ்கடிக்க வேண்டிய நாளும் வரலாம். அந்த நாளுக்கு, ஒவ்வொன்றும் சுமார் 3 டன் எடையும் 8 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள 8 பிரமோஸ் போதும்.

ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போன்ற நாசகாரிக் கப்பலில் 16 பிரமோஸ் உண்டு. அதன் நீளம் 163 மீட்டர், எடை 7,400 டன். பராக் ஏவுகணைகள் அதிலும் 32தான். எனவே இரண்டுக்கும் இடையே மதில் எதுவும் இல்லை. முன்பெல்லாம் நாசகாரி பெரியது, வேகமானது, கடற்படைத் தொகுதியோடு போய்ப் போரிடுவது; பிரிகேட் சிறியது, துணைக்குப் போவது, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது என்று பிரித்துச் சொல்லலாம். இன்று ஜெர்மனி 7,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலையும் பிரிகேட் என்றே அழைக்கிறது. நம் முதல் நீலகிரி 1972 இல் கடற்படையில் இணைக்கப்பட்டபோது சுமார் 3,000 டன்தான். 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் இணைக்கப்பட்ட புதிய நீலகிரி அதைப்போல இரு மடங்குக்கும் மேல். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு கப்பல் எதைக் காக்கக் கட்டப்பட்டது என்று பாருங்கள், அதன் வடிவம் தானாகப் புரியும்.

வடிவத்தைத் தீர்மானிப்பது நேரம். பூமி உருண்டை என்பதால் ரேடார் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் அடிவாரத்தில் நின்றால் எதிரே இருக்கும் வீடுகள்தான் தெரியும், உச்சிக்கு ஏறினால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும் அல்லவா? ரேடாருக்கும் அதே கதைதான். அதனால்தான் அதை மாஸ்ட் எனப்படும் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் வைக்கிறார்கள். ரேடார் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எதிரியின் ஏவுகணை அலைகளை ஒட்டி 5 மீட்டர் உயரத்தில் பறந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏவுகணை ரேடார் கண்ணில் முதலில் படும்போது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால் 100 விநாடியில் கப்பலைத் தொட்டுவிடும். பிரமோஸ் போல ஒலியைவிட மூன்று மடங்கை நெருங்கும் வேகத்தில் வந்தால் இருப்பது அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்துக்குள் ஆபரேஷன்ஸ் ரூமில் என்னென்ன நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ரேடார் திரையில் தோன்றியது அலையின் எதிரொலியா, பறவைக் கூட்டமா, ஏவுகணையா என்று பிரித்தறிய வேண்டும். அது நம் பக்கத்தினுடையது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எதைக் கொண்டு தடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். தடுப்பு ஏவுகணை கிளம்பி, வேகமெடுத்து, வழி திரும்பி, எதிரில் போய்ச் சந்திக்க வேண்டும். முதல் முயற்சி தவறினால் இரண்டாவதற்கு நேரம் இருக்க வேண்டும். புதிய நீலகிரியின் மாஸ்ட்டில் நான்கு பக்கமும் தட்டையான ரேடார் பலகைகள் அசையாமல் பதிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். பழைய ரேடார் சுற்றிச் சுற்றிப் பார்க்கும், முதுகுப் பக்கம் வந்ததை அடுத்த சுற்றில்தான் கவனிக்கும். பலகை ரேடார் மின்னணு முறையில் கற்றையைத் திருப்புகிறது, எல்லாத் திசைகளையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பராக் ஏவுகணைகளைத் தளத்துக்குள் செங்குத்தாகப் புதைத்து வைத்திருப்பதும் அதே காரணத்தால்தான். பழைய வகை ஏவுதளம் எதிரியின் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். செங்குத்துக் குழாய்க்கு அந்த வேலையே இல்லை. மேலே கிளம்பி எந்தத் திசைக்கும் வளையலாம். அங்கே மிச்சமாகும் ஓரிரு விநாடிகளுக்கு இவ்வளவு செலவு செய்யலாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

எதிரியின் நேரத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. அவன் ரேடாருக்கு நம் கப்பல் சிறியதாகத் தெரிந்தால் அவன் தடுமாறுவான். இரண்டு தகடுகள் செங்கோணத்தில் சேரும் மூலை, ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே புதிய பிரிகேட்டில் பக்கச் சுவர்கள் சாய்ந்திருக்கின்றன, படகுகள் தட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, கயிறு சுற்றும் இடம்கூட மூடப்பட்டிருக்கிறது. பிரான்ஸின் லா ஃபயெட் வகை 1996 இல் பணிக்கு வந்தபோது இந்த மொழுமொழுப்பான தோற்றம் புதுமையாக இருந்தது. நம் நாட்டில் 2010 இல் வந்த ஐஎன்எஸ் ஷிவாலிக் இந்தப் பாதையைத் தொடங்கியது, நீலகிரி அதை இன்னும் செம்மைப்படுத்தியது. புகைபோக்கியில் குளிர்ந்த காற்றைக் கலந்து வெப்பத்தைக் குறைப்பதும் இந்த வகை வேலைதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரேடாரை இயக்கினால் நாம் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே அவன் நம்மைக் கண்டுகொள்ளலாம். நம் அலை போய்ப் பட்டுத் திரும்பி வர வேண்டும், திரும்பி வருவதற்குள் மிகவும் மெலிந்துவிடும். அவனுக்கோ ஒரு வழிப் பயணம்தான், நம் அலை இன்னும் வலுவாக இருக்கும்போதே அவன் கருவி அதைப் பிடித்துவிடும். அதனால் பெரிய ரேடாரை அணைத்துவிட்டு, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் போகும் பயிற்சிகள் உண்டு. வெளித்தளத்தில் ஒரு விளக்குக்கூட எரியாது.

காது என்றேன். பிரிகேட்டின் உண்மையான காது நீருக்கு அடியில், மூக்குப் பகுதியில் குமிழ் போல் புடைத்திருக்கும் சோனார், ஒலியைக் கொண்டு நீருக்கு அடியில் தேடும் கருவி. நம் கப்பல்களில் உள்ள ஹம்சா வகைச் சோனார் கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவாகி, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் தயாராகிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஆனால் நேர்கோட்டில் ஓடாது. மேற்பரப்பு நீர் வெயிலில் சூடாகி, அடியில் குளிர்ந்த நீர் இருக்கும்போது ஒலி குளிர்ந்த பக்கம் வளைந்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே நீர்மூழ்கிக் கப்பல் ஒளிந்துகொண்டால் மேலே இருக்கும் கப்பலுக்கு ஒன்றும் கேட்காது. காலையில் நன்றாகக் கேட்ட சோனார், நடுப்பகல் வெயிலுக்குப் பின் மங்கிப்போவதை எங்கள் சோனார்ப் பிரிவு நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஹெலிகாப்டர் இல்லாத பிரிகேட் அரைக் கப்பல் என்று நான் சொல்வது இதனால்தான். அது தொலைவில் போய் நின்று, கேபிளில் சோனாரை அடுக்குக்குக் கீழே இறக்கிக் கேட்கும். 1983 இல் வந்த ஐஎன்எஸ் கோதாவரி, 4,000 டன்னுக்குள் இருந்துகொண்டே இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களைச் சுமந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. அதை வடிவமைத்தவர்கள் நம் கடற்படையின் சொந்த வடிவமைப்பாளர்கள்.

இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று அறிய 1971 டிசம்பர் 9 ஆம் தேதி இரவைப் பற்றிப் படியுங்கள். டையூ அருகே ஐஎன்எஸ் குக்ரி என்ற பிரிகேட்டைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தப்பிக்க மறுத்துக் கப்பலோடு சென்றார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் போன கப்பல் அது. எதிரி முதலில் கேட்டுவிட்டான்.

இனி என் பகுதி. நீருக்கு அடியில் கேட்கக்கூடாத சத்தம் பெரும்பாலும் எஞ்சின் அறையிலிருந்துதான் கிளம்புகிறது. நீலகிரியில் இரண்டு டீசல் எஞ்சின்களும் இரண்டு எல்எம்2500 கேஸ் டர்பைன்களும் இருக்கின்றன. சாதாரணப் பயணத்துக்கு டீசல், ஓட வேண்டிய நேரத்தில் டர்பைன். இரண்டும் ஒரே சமயத்தில் புரொப்பல்லரைச் சுழற்றாது. ஏன் இந்த ஏற்பாடு? கப்பலுக்குத் தேவையான ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். நாட் என்பது கப்பலின் வேகத்தைச் சொல்லும் அளவு; 18 நாட் வேகத்திலிருந்து 28 நாட் வேகத்துக்குப் போக ஏறக்குறைய நான்கு மடங்கு. 28 நாட் என்பது மணிக்கு 52 கிலோமீட்டர்தான். நம் ஊர் டவுன் பஸ்ஸே அந்த வேகத்தில் போகும். ஆனால் 6,670 டன்னைத் தண்ணீரில் அந்த வேகத்தில் தள்ளுவது வேறு விஷயம். அந்த ஆற்றலை எப்போதும் எரித்துக்கொண்டிருந்தால் எரிபொருள் தரும் டாங்கர் கப்பலைப் பிரியவே முடியாது.

எல்எம்2500 விமான எஞ்சினிலிருந்து பிறந்தது. நம் கடற்படைக்கு அதைப் பொருத்திச் சோதித்துத் தருவது பெங்களூரு எச்ஏஎல் நிறுவனத்தின் டர்பைன் பிரிவு. ஓசூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போனால் வந்துவிடும் ஊர். கடல் இல்லாத நம் மாவட்டத்துக்கும் இந்தக் கப்பலுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

டர்பைனை இயக்குவது எளிது, பேணுவது கடினம். அது உறிஞ்சும் காற்று கடல்காற்று. எத்தனை வடிகட்டி வைத்தாலும் நுண்ணிய உப்பு உள்ளே போய்க் காற்றழுத்தியின் இலைகளில் படியும். உப்புப் படிந்தால் ஆற்றல் குறையும், வெப்பம் ஏறும். அதனால் டர்பைனைக் குளிரவிட்டு, எரிபொருள் இல்லாமல் மெதுவாகச் சுழலவிட்டபடியே, உப்பு நீக்கிய சுத்தமான நீரையும் சோப்புக் கரைசலையும் உள்ளே பீய்ச்சிக் கழுவுவோம். கழிவுநீர் முதலில் பழுப்பாக வரும். பிறகு வெளுக்கும். அது வெளுக்கும் வரை யாரும் இடத்தை விட்டு நகரமாட்டோம். கழுவிய பிறகு காயவிட ஓட்டிப் பார்த்து, வெப்பநிலை மானி முன்பைவிடக் கீழே நிற்பதைக் கண்டால் வரும் நிறைவை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கப்பலில் மனிதர்கள் குளிக்கும் நீருக்குக் கட்டுப்பாடு வந்த நாட்களிலும் டர்பைன் கழுவும் நீருக்குக் கட்டுப்பாடு வந்ததில்லை.

இன்னொன்று: டர்பைன் ஒரு பக்கம்தான் சுழலும். கப்பலைப் பின்னால் செலுத்த வேண்டுமென்றால் புரொப்பல்லர் இலைகளின் கோணத்தை மாற்ற வேண்டும். அந்த இலைகளே எங்கள் பெரிய கவலையும். வேகம் கூடினால் இலைகளின் மேல் நீர் குமிழிட்டு, குமிழ்கள் நொறுங்கும். அந்தச் சத்தத்தை நீர்மூழ்கிக் கப்பல் வெகு தூரத்திலிருந்து கேட்டுவிடும். டீசல் எஞ்சினை அதிர்வு தாங்கும் மெத்தைகளின் மேல் நிறுத்துவது, குழாய்களுக்கு இடையே ரப்பர் இணைப்பு வைப்பது, தளர்ந்த தரைத் தகட்டைக்கூட இறுக்கிவைப்பது எல்லாம் சத்தத்துக்குப் பயந்துதான். ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால் தலைமை மாலுமி பார்க்கும் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

வடிவமைப்பில் யாரும் தப்பிக்க முடியாத எதிரி எடை. அதிலும் உயரத்தில் ஏறும் எடை. ரேடாரை மேலே வைக்க வேண்டும் என்று சொன்னேன். மேலே வைத்த ஒவ்வொரு டன்னும் கப்பலைச் சாய்க்கப் பார்க்கும். கீழே எடை சேர்த்தால் கப்பல் பெரிதாகும். பெரிதானால் எஞ்சின் பெரிதாகும், எரிபொருள் கூடும், விலை கூடும். அமெரிக்கா 1970களில் ஆலிவர் ஹசார்ட் பெர்ரி வகை பிரிகேட்களை விலைக்கும் எடைக்கும் இறுக்கமான வரம்பு வைத்துக் கட்டியது. 51 கப்பல்களை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. நல்ல கப்பல்கள். ஆனால் பிற்காலத்தில் புதிய ஆயுதம் ஏற்ற இடம் இல்லாமல் போய், 2003 முதல் அவற்றின் ஏவுகணை ஏவுதளத்தையே கழற்றிவிட்டார்கள். அதே நாடு 2020 இல் இத்தாலிய, பிரெஞ்சுக் கப்பலை அடிப்படையாகக் கொண்டு புதிய வகைக்கு ஒப்பந்தம் போட்டது. வரைபடம் முடியும் முன்பே கட்டத் தொடங்கி, மாற்றத்துக்கு மேல் மாற்றம் செய்ததில் எடையும் தாமதமும் ஏறிக்கொண்டே போயின. எதிர்காலத்துக்கென்று காலியிடம் விட்டுவைக்கும் வடிவமைப்பாளரை நான் மிகவும் மதிக்கிறேன். பிரிகேட்டின் ஆயுள் 30 ஆண்டுக்கு மேல். கோதாவரி 1983 இலிருந்து 2015 வரை ஓடியது. அதன் முதல் நாளில் இருந்த கணினியையும் கடைசி நாளில் இருந்ததையும் ஒரே தலைமுறை என்று சொல்ல முடியாது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும்.

ஓர் ஏவுகணை கப்பலைக் கொல்லலாம். 1982 மே 4 அன்று, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து போரில், எக்ஸோசெட் ஏவுகணை ஒன்று பிரிட்டனின் ஷெஃபீல்டு நாசகாரியைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். தீயணைக்கும் குழாயிலேயே நீர் அழுத்தம் போய்விட்டது. தீயைக் கட்டுப்படுத்த முடியாமல் கப்பலைக் கைவிட்டார்கள். சில நாட்களில் அது மூழ்கியது. ஆனால் 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ஸ்டார்க் பிரிகேட்டை அதே வகை ஏவுகணைகள் இரண்டு தாக்கின. ஷெஃபீல்டைவிடச் சிறிய கப்பல். 37 பேர் இறந்தார்கள். இரண்டில் ஓர் ஏவுகணையின் வெடிகுண்டு வெடிக்கவில்லை, ஆனால் அந்த ஏவுகணையில் மிச்சமிருந்த எரிபொருள் கப்பலுக்குள்ளே எரிந்தது. மாலுமிகள் இரவு முழுவதும் போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். அது பழுது பார்க்கப்பட்டு 1999 வரை பணியாற்றியது. அடுத்த ஆண்டே, 1988 ஏப்ரல் 14 அன்று, ஸ்டார்க்கின் வகையையே சேர்ந்த சாமுவேல் பி. ராபர்ட்ஸ் கப்பல் கடல் கண்ணிவெடியில் சிக்கியது. முதுகெலும்பான கீல் முறிந்தது, எஞ்சின் அறை வெள்ளத்தில் மூழ்கியது. மேல்தளம் பிளந்துவிடாமல் இரும்புக் கேபிள்களால் இழுத்துக் கட்டினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. அந்தக் கப்பல் 2015 வரை ஓடியது.

ஒன்று மூழ்கியதற்கும் மற்றவை பிழைத்ததற்கும் இடையே அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வடிவமைப்பும் பயிற்சியும் நிச்சயமாக இருந்தன. பாக்லாந்துக்குப் பின் எல்லாக் கடற்படைகளும் பாடம் கற்றன. தீயணைக்கும் குழாய் கப்பலைச் சுற்றி வளையமாக ஓட வேண்டும், ஒரு பகுதி உடைந்தால் அதை மட்டும் மூடிவிட்டு மறுபக்கத்திலிருந்து நீர் எடுக்க வேண்டும். ஜெனரேட்டர்களை ஒரே அறையில் வைக்கக்கூடாது. கப்பலில் பாலியெஸ்டர் உடை கூடாது, தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இன்று மாலுமியின் வேலை உடை ஏன் தீ பிடிக்காத துணியில் இருக்கிறது என்பதற்குப் பின்னால் அந்தத் தீக்காயங்கள் இருக்கின்றன.

கப்பலின் உடல் பல அறைகளாக, நீர் புகாத தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அறைகளில் நீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சுவரில் ஒரு கேபிளுக்காகப் போட்ட துளையைச் சரியாக அடைக்காவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் பிரிகேட் 2018 நவம்பர் 8 அன்று அதிகாலை ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. தனித்தனியாக இருக்க வேண்டிய அறைகளுக்குள் நீர் பரவியது, உள்ளே குழாய் போல் காலியாக இருந்த புரொப்பல்லர் தண்டுகளின் வழியாக. யாருடைய கண்ணிலும் படாத வழி அது. கப்பலில் இருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள், ஆனால் கப்பல் மீளவில்லை. பிற்பாடு தூக்கி எடுத்து உடைத்தார்கள்.

நீர் எவ்வளவு வேகமாக வரும் தெரியுமா தம்பி? நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 5 டன் நீர் உள்ளே பாயும். ஒரு சாணுக்கும் சிறிய ஓட்டை. லோனாவாலாவில் உள்ள ஐஎன்எஸ் சிவாஜியில் இதற்கென்று பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இரும்பால் கப்பல் அறை போலவே செய்து, பக்கச் சுவரில் கிழிசல்களும் ஓட்டைகளும் போட்டு வைத்திருப்பார்கள். விளக்கை அணைப்பார்கள். அறை ஆடும். திடீரென்று நாலைந்து இடங்களிலிருந்து நீர் பீறிட்டு வரும், குளிர்ந்த நீர், நேராக முகத்தில் அடிக்கும். கையில் இருப்பவை மரத்தக்கைகள், ஆப்புகள், சுத்தியல், பழைய மெத்தை, முட்டுக்கொடுக்கும் மரச்சட்டங்கள், ரம்பம்.

நீரின் வேகத்துக்கு நேர் எதிரே தக்கையைப் பிடித்தால் அது கையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஓரத்திலிருந்து சாய்த்துக் கொண்டுவந்து, துணி சுற்றிய முனையை ஓட்டையின் விளிம்பில் பொருத்தி, இன்னொருவர் ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். தக்கை மென்மையான மரத்தில் இருக்கும், ஊறினால் உப்பி இறுகும். நீளமான கிழிசலுக்கு மெத்தையை மடித்து வைத்து, அதன் மேல் பலகை, பலகைக்கு எதிரே சட்டம், சட்டத்தின் மறுமுனை தளத்தின் இரும்பு விட்டத்தில். இடைவெளியை இரண்டு ஆப்புகளை எதிரெதிராக அடித்து இறுக்குவார்கள். இதற்குள் நீர் இடுப்புக்கு வந்திருக்கும். சத்தத்தில் பேச்சு கேட்காது, தோளைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். முழுவதும் அடைபடாது. சொட்டும், கசியும். பம்பு வெளியேற்றும் அளவுக்கு உள்ளே வரும் நீர் குறைந்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. 3 டன் பிரமோஸ் எங்கே, ஒரு மரத்தக்கை எங்கே என்று நினைக்காதீர்கள். ராபர்ட்ஸ் கப்பலைக் காப்பாற்றியதும் இந்த வகைக் கைவேலைதான்.

தீயணைப்பிலும் நீர் ஆபத்து. மேல்தளங்களில் ஊற்றிய நீர் வடிய வழியில்லாமல் நின்றால், கப்பல் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஸ்டார்க் கப்பலை அப்படித்தான் அதன் சொந்த நீரே ஆபத்தான அளவுக்குச் சாய்த்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. 2024 ஜூலையில் மும்பையில் பழுதுபார்ப்பில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ராவில் தீப்பிடித்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு மாலுமி உயிரிழந்தார். எனவே அம்மாவிடம் ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள். ஆபத்து இருக்கிறது, அதை எதிர்பார்த்துத்தான் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள், கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், சமையற்காரர் உட்பட, தீயையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ளக் கற்றுத் தருகிறார்கள் என்று சொல்லுங்கள்.

பணி வாழ்க்கையில் போர் என்பது மிகச் சிறிய பகுதி. 2008 முதல் ஏடன் வளைகுடாவில் கொள்ளையர்களிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காத்தது, 2015 இல் ஏமனிலிருந்து நம் மக்களை மீட்டபோது ஐஎன்எஸ் தர்காஷ் சென்றது, 2025 ஜூன் இறுதியில் ஓமன் வளைகுடாவில் தீப்பிடித்த எண்ணெய்க் கப்பலுக்கு ஐஎன்எஸ் தபார் விரைந்து, அதன் மாலுமிகள் அந்தக் கப்பலில் ஏறித் தீயை அணைத்தது. எனக்கு மிகப் பிடித்த செய்தி இந்தக் கடைசிச் செய்திதான். நம் கப்பலுக்காகக் கற்ற வேலை இன்னொரு கப்பலின் உயிரைக் காத்தது.

மற்றபடி நாள் என்பது வாட்ச். நான்கு மணி நேரம் காவல், பிறகு பராமரிப்பு வேலை, பயிற்சி, சாப்பாடு, தூக்கம், மறுபடி காவல். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச்தான் கொடுமை. தூங்கிப் பாதியில் எழுந்து, முடித்துப் படுத்தால் பொழுது விடிந்துவிடும். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்திருப்பதால் ஒரே ஆளுக்குத் தினமும் அதே வாட்ச் வராது. படுக்கை அடுக்குப் படுக்கை, பக்கத்தில் ஒரு சிறிய அலமாரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடலில் கப்பல் உருளும்போது முதல் சில நாள் சாப்பாடு இறங்காது. பொரியும் வறண்ட பிஸ்கட்டும் வயிற்றில் நிற்கும். பிறகு பழகிவிடும், எல்லோருக்கும் பழகியிருக்கிறது. வீட்டோடு பேச முடியாத நாட்கள் நிறைய வரும். அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சேர்வதற்கு: மாலுமியாக அக்னிவீர் வழியில் போக நினைத்தால் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். நான்கு ஆண்டுப் பணி, அதன் பிறகு 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாகத் தொடர்வார்கள் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். முதல் பயிற்சி ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில். அதிகாரியாகப் போக வேண்டுமென்றால் கேரளத்தின் எழிமலையில் உள்ள அகாடமிக்கான தேர்வுகளைப் பாருங்கள். இந்தி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், எனக்கும் தெரியாது, பயிற்சி மைதானமே கற்றுக்கொடுத்துவிட்டது. நீச்சலை மட்டும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கற்பதுதானே வழக்கம். பெரியவர் ஒருவர் கரையில் நிற்க அப்படியே கற்கலாம். அணையின் நீர்ப்பிடிப்பிலோ ஒகேனக்கல் சுழலிலோ இறங்காதீர்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் கண் பார்வையையும், நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறப் பார்வையில் குறை இருப்பது பலருக்குத் தேர்வு மையத்தில்தான் முதன்முதலாகத் தெரிய வருகிறது. காதில் சீழ் வடிந்த வரலாறு இருந்தால் அதற்கும் இப்போதே சிகிச்சை எடுங்கள். எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது தேர்வையும் காலியிடத்தையும் பொறுத்தது. விருப்பம் கேட்டால் எஞ்சின் பிரிவை எழுதுங்கள் என்று நான் சொல்வேன், அது என் பாசம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ரேடார், சோனார்ப் பக்கம்தான் உங்கள் மனம் போகிறது போலிருக்கிறது. அப்படியானால் இயற்பியலில் அலைகள் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஆழமாகப் படித்து வையுங்கள்.